புயலுக்கும் சீசனுக்கும் நடுவே

வீட்டுக்கும் பயிருக்கும் படகுக்கும் சேதக் கணக்கு எடுக்கிறார்கள். கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சினிமா தியேட்டர்களும் தெருக்கூத்து ஜமாக்களும் எப்படி எழுந்து நிற்கின்றன?

2015 நவம்பர் 9, திங்கட்கிழமை. விடிந்தால் தீபாவளி. அஜித்தின் ‘வேதாளம்’, கமலின் ‘தூங்காவனம்’ இரண்டும் மறுநாள் ரிலீஸ். வருடம் முழுக்கத் தியேட்டர்காரர்கள் கல்லாவை நம்பிக் காத்திருக்கும் நாட்கள் மூன்றோ நான்கோதான். அதில் முதலிடம் தீபாவளிக்கு. அன்றைக்குப் பார்த்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடலூர் மாவட்டத்தின் தலைமேல் வந்து நின்றது. நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பொங்கி வீடுகளை ஆட்களோடு அடித்துச் சென்றது. குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து முதல் காட்சிக்குக் கிளம்ப வேண்டிய ஜனம் முகாம்களில் சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றது.

இது ஏதோ ஒரு வருடத்து துரதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. தேதிகளை அடுக்கினால் போதும். 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் பொங்கல். ‘நண்பன்’, ‘வேட்டை’ என்று பெரிய படங்கள். 2020-ல் கொரோனாவுக்காக மூடிய தியேட்டர்களைத் தமிழக அரசு நவம்பர் 10-ல் திறக்கவிட்டது, பாதி இருக்கைகளோடு. பதினைந்தே நாளில் ‘நிவர்’. அதன் ஈரம் காய்வதற்குள் டிசம்பர் முதல் வாரத்தில் ‘புரெவி’. அந்த மழையில் சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 செ.மீ. பதிவானது, நடராஜர் கோயில் பிரகாரத்துக்குள்ளேயே தண்ணீர் தேங்கி நின்றது. 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புதுச்சேரி அருகே கரையேறியது. பின்னாலேயே சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணை கடலூரின் ஆல்பேட்டை, குண்டு உப்பலவாடி பகுதிகளுக்குள் புகுந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை ‘புஷ்பா 2’ ரிலீஸ்.

வடகிழக்குப் பருவமழையின் மாதங்களும் தமிழ் சினிமாவின் பண்டிகை மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன. தியேட்டருக்கு வரும் அடி, கட்டடத்தின்மேல் விழுவதற்கு முன்பே காலண்டர்மேல் விழுந்துவிடுகிறது. மாவட்டத்தில் இன்னொரு வகை அரங்கும் இருக்கிறது. அதற்குச் சுவரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அதன் காலண்டர் வேறு, அதன் காயமும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு புயலுக்குப் பின் ‘மீண்டும் ஆட்டம்’ என்பதற்கு என்னென்ன தேவைப்படுகிறது என்பது புரியும்.

மேலிருந்து காற்று, கீழிருந்து தண்ணீர்

ஒரு சினிமா தியேட்டரைப் புயல் தாக்கும் விதமும் வெள்ளம் தாக்கும் விதமும் நேர் எதிரானவை. புயல் மேலே கைவைக்கும். பழைய ஒற்றைத் திரை அரங்குகளில் பெரும்பாலும் இரும்பு டிரஸ் அடித்து மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்டிருப்பார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய தானே மாதிரியான காற்றில் ஒரு ஷீட் ஓரத்தில் பிய்ந்தால் போதும், உள்ளே புகுந்த காற்று அடுத்தடுத்த ஷீட்டுகளைத் தூக்கிவிடும். கூரைக்குக் கீழே பொய்க்கூரை, அதில் ஒலி எதிரொலிக்காமல் இருக்க ஒட்டிய அட்டைகள், அதற்குள்ளே ஓடும் வயரிங் எல்லாம் மழையில் ஊறிச் சரியும்.

வெள்ளம் கீழே கைவைக்கும். தியேட்டரின் தரை சரிவாகத் திரையை நோக்கி இறங்குகிறது. பின்வரிசைக்காரருக்கு முன்வரிசைக்காரரின் தலை மறைக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட சரிவு அது. வெள்ளம் வந்தால் அதே சரிவு எமனாகிவிடும். வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் என்றால் திரையடியில் இடுப்பளவு இருக்கும். அந்தத் திரைக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. அதிலும் கனமான பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள் தரையோடு தரையாக. முதலில் மூழ்குவது அவைதான். அடுத்து முன்வரிசை நாற்காலிகள். பஞ்சும் பிளைவுட்டும் சேறு கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டால் வெயிலில் போட்டாலும் நாற்றம் போகாது. குஷனைக் கழற்றி வீசிவிட்டு மாற்ற வேண்டியதுதான். திரை நனையாவிட்டாலும் பூட்டிய ஹாலின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து, வெள்ளைக் காட்சிகளில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும்.

மாடியில் இருக்கும் ஆபரேட்டர் கேபின் தண்ணீருக்குத் தப்பிவிடும். ஆனால் தப்பியதாலேயே பிழைத்தது என்று சொல்ல முடியாது. 2010-களின் தொடக்கத்தில் பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் புரொஜெக்டர் வந்தது. பழைய கார்பன் ஆர்க் மெஷினைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு உள்ளூர் மெக்கானிக்கே ஓட வைத்துவிடுவார். இப்போதிருப்பது சர்க்யூட் போர்டும் சர்வரும் சேர்ந்த கருவி. ஈரப்பதம் ஏறினால் முரண்டு பிடிக்கும்; மின்சாரம் ஏறி இறங்கினால் போர்டு போகும். பழுதுபார்க்கக் கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வர வேண்டும், ரோடு திறந்த பிறகு.

தானேவுக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தை அதிகம் வாட்டியது இருட்டு. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து இறங்கி வேலை பார்த்தும் கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக் கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லாத ஊரில் தியேட்டரை ஓட்டுவது என்றால் டீசல் ஜெனரேட்டர்தான். ஏ.சி.யும் புரொஜெக்டரும் முழு நேரம் ஜெனரேட்டரில் ஓடினால் ஒரு காட்சியின் வசூலில் பாதியை டீசலே குடித்துவிடும் என்று கணக்குப் போட்டு, பகல் காட்சிகளைக் குறைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த உத்தி.

காகிதமும் காசும்

கூரை போட்டு, நாற்காலி மாற்றி, திரையைத் துடைத்துவிட்டால் கதவைத் திறந்துவிடலாமா? முடியாது. தமிழ்நாட்டில் சினிமா அரங்குகள் 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ‘சி’ படிவ உரிமத்தில் இயங்குகின்றன. உரிமம் புதுப்பிக்கக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொதுப்பணித் துறைப் பொறியாளர் சான்று தர வேண்டும். மின் ஆய்வாளர், தீயணைப்புத் துறை, சுகாதாரத் துறை என்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு காகிதம். புயலுக்குப் பிந்தைய மாதத்தில் அந்த மேசைக்காரர்கள் அனைவரும் பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று சேதம் பார்க்கப் போயிருப்பார்கள். காலதாமதத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் பெட்டியில் காசு விழாத நாள்.

காசு விஷயத்தில் தியேட்டருக்கு ஒரு வசதி உண்டு. தீ விபத்து பாலிசியோடு புயல், வெள்ளத்துக்கான பாதுகாப்பும் சேர்த்தே எடுக்கலாம். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அதைக் கழற்றிவிட்டவர்களுக்குத்தான் கஷ்டகாலம். இன்ஷூரன்ஸ் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும் வரும்; ஓடாத நாட்களின் வசூலுக்குத் தனி பாலிசி வேண்டும். ஒற்றைத் திரையை நடத்தும் குடும்பங்களில் பலர் அந்த இடத்தில் வேறு கணக்குப் போடத் தொடங்குவார்கள். மராமத்துக்குக் கொட்டும் பணத்தில் கல்யாண மண்டபமாக மாற்றிவிடலாமே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மனையை வணிக வளாகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று. தமிழ்நாட்டு ஊர்களில் மூடப்பட்ட ஒற்றைத் திரைகளைப் புயல் மட்டும் மூடவில்லை. ஏற்கெனவே டி.வி.யும் ஓ.டி.டி.யும் தளர்த்தியிருந்த முடிச்சை இழுத்துவிடும் வேலையை மட்டும் சில இடங்களில் அது செய்கிறது.

மீண்டு வரும் தியேட்டருக்கு ஆதரவாக இருப்பது ஜனங்களின் சினிமா ஆசை. 2018 நவம்பர் 16 அதிகாலை ‘கஜா’ டெல்டாவைப் புரட்டிப்போட்டது. இரண்டு வாரம் கழியுமுன் ரஜினியின் ‘2.0’ வந்தது. 2021 பொங்கலுக்கு ‘மாஸ்டர்’ வந்தபோது கொரோனா பயமும் பாதி இருக்கைக் கட்டுப்பாடும் இருந்தும் அரங்குகள் நிறைந்தன. ஒரு நட்சத்திரப் படம் வந்து நின்றால், நின்றுபோன தியேட்டருக்கு மூச்சு திரும்பிவிடுகிறது. அந்தப் படம் சென்னையில் தயாராகிறது. கடலூரின் நஷ்டம் அதன் ரிலீஸ் தேதியைத் தொடுவதில்லை.

இந்த மண்ணின் துயரமே படமாகித் திரும்பி வந்ததும் உண்டு. கமலின் ‘தசாவதாரம்’ 12-ஆம் நூற்றாண்டுச் சிதம்பரத்தில் தொடங்கி, 2004 டிசம்பர் 26 சுனாமியில் முடியும். 2008 ஜூன் 13-ல் அது வெளியானபோது கடலூர் மாவட்டத்தில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை 600-க்கும் மேற்பட்டவர்களை அலை கொண்டுபோய் மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. கிராபிக்ஸ் அலை எழும்பிய திரைக்கும் நிஜ அலை எழும்பிய கரைக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம்.

கூரையில்லாத தியேட்டர்

இனி மற்ற அரங்கம். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இருந்தால் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பத்து நாளோ பதினெட்டு நாளோ போய், கடைசி நாள் காலையில் மண்ணால் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம், மாலையில் தீமிதி. மேடை என்பது இரண்டு பெஞ்சும் ஒரு தட்டுத் திரையும். பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட்டும், டியூப் லைட் போய் எல்.இ.டி.யும் வந்துவிட்டன. வேறு பெரிய மாற்றம் இல்லை. விடிய விடிய ஆட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது.

கூத்துக் கலைஞர்கள் ‘சீசன்’ என்று சொல்வது தை, மாசியில் சூடு பிடித்து ஆடி வரை ஓடும் மாதங்களை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வேலை இருக்காது. ‘ஜமா’ எனப்படும் கூத்துக் குழுவின் ஆட்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் செங்கல் சூளைக்கும் போவார்கள். கட்டடமே இல்லாத தியேட்டருக்குப் புயல் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். சீசன் இல்லாத மாதத்தில் வருகிற புயல் ஆட்டத்தை நிறுத்துவதுகூட இல்லை. அதனால்தான் அதன் சேதம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

சேதம் இருக்குமிடம் ஜமாவை நடத்தும் வாத்தியாரின் வீடு. ஜமாவின் மொத்தச் சொத்தும் இரண்டு மூன்று மரப்பெட்டியிலோ தகரப் பெட்டியிலோ அங்கேதான் தூங்குகிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், காதோரக் கட்டை என்று வேஷத்துக்கு வேஷம் வேறான அணிகள். ஆடுகிறவரின் தலையும் தோளும் தாங்க வேண்டும் என்பதால் கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் பொன் தாளும் பசை போட்டு ஒட்டியவை. ஓட்டு வீட்டிலோ கூரை வீட்டிலோ பரணில் வைத்திருந்தால் காற்று கூரையோடு கொண்டுபோகும். தரையில் வைத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிடும்.

நனைந்த பெட்டியைத் திறந்தால் முதலில் தெரிவது பொன் தாளின் சாயம் வெளுத்துக் கலந்த தண்ணீர். பசை இளகிக் கண்ணாடிச் சில்லுகள் பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும். கட்டைகள் ஊறி உப்பியிருக்கும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் மரம் வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, நாள்கணக்கில் உலர்த்த வேண்டும். மழை விடாத கார்த்திகையில் அந்தக் காற்றோட்டமான நிழலுக்கு எங்கே போவது? மத்தளத்தின் தோல் தளர்ந்து பூஞ்சை பூக்கும். கால் ஆர்மோனியத்தின் துருத்தி ஒட்டுவிட்டுப் பிரியும். பித்தளை ரீடுகளில் பச்சை படரும், அப்புறம் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு பக்கம் பேசும். சரிகைப் பாவாடைகளை அலசிக் காயப்போட்டால் சாயம் ஒன்றோடொன்று ஏறியிருக்கும். இதையெல்லாம்கூடக் கடன் வாங்கிச் சரிசெய்யலாம். பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய நோட்டுகள் நனைந்தால்தான் வாத்தியார் நொந்துபோவார். ‘கர்ண மோட்சம்’, ‘பதினெட்டாம் போர்’, ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ என்று அப்பா கையெழுத்திலும் தாத்தா கையெழுத்திலும் இருக்கும் பாட்டும் விருத்தமும். மை கரைந்த பக்கத்தை, மனப்பாடமாகப் பாடக்கூடிய கிழவர் யாராவது உயிரோடு இருந்தால் உட்காரவைத்து மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

தாம்பூலம் வரும் வரை

அணியைச் சரிசெய்தாலும் ஆடக் கூப்பிட ஊர் வேண்டும். இங்கேதான் கூத்தின் மீட்சி சினிமாவிலிருந்து முற்றிலும் வேறு பாதையில் போகிறது. டிக்கெட் இல்லாத இந்தக் கலைக்குப் பணம் கட்டுவது ஊர்ப் பொது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, கோயில் நிலத்துக் குத்தகை இருந்தால் அதையும் சேர்த்து, ஜமாவுக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுப்பார்கள். தாம்பூலம் கைமாறினால் ஒப்பந்தம் முடிந்தது. அந்த வரியைக் கட்டச் சொல்லித் தலைக்கட்டைக் கேட்பதற்கு முன், ஊரில் எதை அறுத்தோம், எதை விற்றோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் ஒரே புயல் ஒவ்வொரு ஊரின் கூத்தையும் ஒவ்வொரு மாதிரி பாதிக்கிறது. சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரிப் பாசனத்து நெல் வயல்கள். சம்பா அழுகிவிட்டால் அந்த வருடத்துத் திருவிழா சுருங்கும். அடுத்த போகம் விளைந்தால் நிமிர்ந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் அப்படியல்ல. அங்கே வீட்டுக்குச் சோறு போட்டது முந்திரியும் பலாவும். தானே அந்த மரங்களை வேரோடு சாய்த்தது. புதிதாக வைத்த முந்திரிக் கன்று காய்க்கவே மூன்று நான்கு வருடம் வேண்டும். பலாவுக்கு அதைவிடக் கூடுதல். முந்திரிக்காட்டு ஊருக்கு ஒரு நாள் காற்று பல வருடத்துத் தலைக்கட்டு வரியைக் கொண்டுபோய்விட்டது. கடற்கரை ஊர்களில் கணக்கு மீன்பாட்டைப் பொறுத்தது: படகும் வலையும் திரும்பி, மீன்பிடித் தடைக்காலமும் கழிந்தால்தான் ஆடிச் செடல் திருவிழாவுக்கு மேளமும் நாடகமும் பேசுவார்கள்.

ஆனாலும் பாரதத்தை அடியோடு நிறுத்த ஊர் தயங்கும். நேர்ந்துகொண்டு காப்புக் கட்ட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தீமிதி தவறினால் ஊருக்கு ஆகாது என்ற அச்சமும் இருக்கிறது. எனவே முதலில் குறைவது நாட்கள். பதினெட்டு நாள் பத்தாகும், பத்து நாள் மூன்றாகும். கூத்து இல்லாமல் பிரசங்கத்தோடும் தீமிதியோடும் முடிக்கிற ஊரும் உண்டு. ஜமாவுக்கு இரவுகள் குறைந்தால் பங்குகள் குறையும். வருமானத்தைப் பங்கு போட்டுப் பிரிக்கும் வழக்கத்தில் வாத்தியாருக்கும் வேஷக்காரருக்கும் மேளக்காரருக்கும் திரை பிடிப்பவருக்கும் ஒருசேர அடி விழும். அந்தச் சீசனோடு இளவட்டங்கள் சிலர் திருப்பூருக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ போய்விடுவார்கள். உப்பிய கட்டையை மறுபடி செதுக்கலாம். அபிமன்யு வேஷம் கட்டும் பையன் போய்விட்டால் இன்னொருவனுக்கு அடவு ஏறப் பல சீசன் ஆகும்.

இந்தச் சங்கிலியில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. வட தமிழகத்தில் சாவு வீட்டுக் கருமாதிச் சடங்கோடு ‘கர்ண மோட்சம்’ கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஊரே துக்கத்தில் இருக்கும் வேளையில் கூத்தாடிகளுக்கு முதலில் வரக்கூடிய அழைப்பு அது. களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனை வைத்துச் செத்தவரை வழியனுப்பும் அந்த இரவு, ஆட்டம் நின்றுபோன ஜமாவை மறுபடி வேஷம் கட்ட வைக்கிறது. மழை பொய்த்த வருடத்தில் ‘விராட பர்வம்’ ஆடினால் வானம் திறக்கும் என்பதும் இதே மண்ணின் நம்பிக்கை. மழை மிஞ்சிய வருடத்துக்கு எந்தக் கூத்து என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

முகமூடி தேடிய ஊர்கள்

உலகத்தில் இந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள் எப்படிக் கையாண்டார்கள்? 2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானின் வடகிழக்குக் கரை சிதைந்தது. இஷினோமாகி நகரில் ஆற்றின் நடுத்திட்டில் எடோ காலத்தின் இறுதியிலிருந்து இயங்கிவந்த ஒகாடா தியேட்டர் தடயமே இல்லாமல் போனது. அதே நகராட்சிக்குள் அடங்கும் ஒகாட்சு என்ற கடற்கரைப் பகுதியில் ‘ஹோயின் ககுரா’ என்ற பழம்பெரும் கோயில் கூத்து உண்டு. அதன் முகமூடிகள், மேளங்கள், ஆடைகளில் பெரும்பகுதியை அலை கொண்டுபோனது. ஆடும் ஊரே சிதறி முகாம்களில் கிடந்தது. அங்கே நிப்பான் அறக்கட்டளை ஊர்க் கலைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி நிதி தொடங்கியது. மேளமும் முகமூடியும் செய்ய, ஆடை தைக்க நேரடியாகப் பணம் கொடுத்தது. வீடு கட்டி முடியும் வரை காத்திருக்கவில்லை. சிதறிய ஊர் ஜனம் ஒன்றுகூடத் திருவிழாதான் வழி என்ற கணக்கு அதில் இருந்தது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் வேறு வழி போனது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் அங்கிருந்த கோர்ட் தியேட்டர் குழு தன் அரங்கை இழந்தது. புதுக் கட்டடத்துக்காக உட்கார்ந்திருக்காமல் நகர மையத்துக்கு வெளியே ஆடிங்டனில் ஒரு பழைய தானியக் கிடங்கை எடுத்து, அந்த டிசம்பரிலேயே நாடகம் போடத் தொடங்கியது. தற்காலிகம் என்று புகுந்த கிடங்கில் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். நகர மையத்தில் புது அரங்கம் 2025-ல்தான் திறந்தது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸின் சேங்கர் தியேட்டர் 1927-ல் கட்டியது. 2005 ‘கத்ரீனா’ வெள்ளத்தில் மூழ்கி, 2013-ல்தான் மறுபடி விளக்குப் போட்டது. எட்டு வருடம் கட்டடத்துக்காகக் காத்திருந்த ஊரும், பத்து மாதத்தில் கிடங்குக்குள் ஆட்டத்தைத் தொடங்கிய ஊரும், முகமூடி செய்யப் பணம் கொடுத்த ஊரும் மூன்று தனி வழிகள். கடலூரின் சினிமா தியேட்டர்கள் முதல் வழியைச் சார்ந்திருக்கின்றன. கூத்து ஜமாக்களுக்குத் தேவை மூன்றாவது வழி.

நம்மூர்க் கலைஞர்களிடம் ஆற்றல் குறைச்சல் இல்லை. 2015 வெள்ளம் வடிந்த அதே பருவத்தில் பிரான்சின் தியாத்ர் து சொலேய் குழுவின் ஆரியான் முனுஷ்கின் தன் கலைஞர்களோடு புதுச்சேரியில் வந்து தங்கினார். அவர்களுக்குத் தெருக்கூத்து கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். அடுத்த ஆண்டு பாரிஸில் அரங்கேறிய அவர்களின் ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தில் மகாபாரதக் கூத்துக் காட்சிகள் தமிழிலேயே ஒலித்தன. பாரிஸ் அரங்கம் கைதட்டிய கலைக்குச் சொந்தக்காரர்கள், ஊருக்கு ஊர் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

படிவத்தில் இல்லாத வரி

புயல் ஓய்ந்ததும் கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுப்புக்கு வருவார். முழுச் சேதக் குடிசை, பகுதிச் சேதக் குடிசை, மாடு, ஆடு, கோழி, படகு, வலை, ஏக்கர் கணக்கில் பயிர் என்று ஒவ்வொன்றுக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் விகிதம் உண்டு. கைத்தறி நெசவாளர், கைவினைஞர் கருவியை இழந்தால் அதற்கும் உதவி தர அந்த விதிகளில் இடம் இருக்கிறது. ஆர்மோனியத்துக்கும் மத்தளத்துக்கும் கிரீடத்துக்கும் தனியே ஒரு வரி இல்லை. கட்டை செதுக்குவது கைவினைதானே என்று வாதாடலாம். வாதாடித் தாலுகா ஆபீஸ் படியேற ஜமாவில் யாருக்கு நேரம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து, இறப்பு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம் என்று உதவிகள் உண்டு. கொரோனா ஊரடங்கில் 2020-ன் பங்குனி முதல் ஆடி வரை சீசனின் பெரும்பகுதி பறிபோனபோது வாரிய உறுப்பினர்களுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் உதவித்தொகை வந்தது. ஒரு இரவுக் கூத்தின் பங்குக்கு அது ஈடா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பதிவு அட்டை இருந்தவர்களுக்கு அதுவாவது வந்தது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க நிதியுதவி தருகிறது. விண்ணப்பித்து, தேர்வாகி, பணம் கைக்கு வருவதற்கு ஒரு காலக்கெடு. புயலுக்கும் சீசனுக்கும் நடுவே இருப்பதோ இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தைக் குறிவைத்துத்தான் எதையும் திட்டமிட வேண்டும். சேதக் கணக்கெடுப்புப் படிவத்தில் கலைக்கருவிகளுக்கு ஒரு வரி சேர்ப்பதும், மன்றத்தின் நிதியுதவியில் ஒரு பகுதியைப் பேரிடர் பாதித்த மாவட்டங்களுக்கு என்று மார்கழியிலேயே ஒதுக்கித் தருவதும் அரசாணையில் முடிகிற வேலைகள். கூத்து நோட்டுகளைப் போன் கேமராவில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது அதைவிடச் சுலபம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் மாணவர்கள் ஒரு விடுமுறையில் வட்டாரத்து ஜமாக்களின் நோட்டுகள் பலவற்றை முடித்துவிடலாம். சினிமா தியேட்டர்களுக்குப் புயல் பாதித்த மாவட்டம் என்று அறிவித்ததும் நான்கு துறை ஆய்வையும் ஒரே நாளில் கூட்டாக நடத்தும் ஏற்பாடு இருந்தால், பொங்கல் வெளியீட்டைத் தவறவிடாமல் கதவு திறக்கும்.

பணமே செலவாகாத வேலையும் ஒன்று இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையோரம் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. தூண்மேல் நிற்கும் கான்கிரீட் மாடிகள். எச்சரிக்கைக் கூண்டு ஏறினால்தான் ஆட்கள் வருவார்கள், மற்ற நாட்களில் அறைகள் பூட்டிக் கிடக்கும். உள்ளே வாத்தியார் வீட்டுப் பெட்டிகள் நான்கைந்தை அடுக்க ஒரு மூலை போதும். சீசன் முடிந்து பெட்டி மூடும் ஆடி மாதம் உள்ளே வைத்து, தையில் எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் ஒரு கடிதம் போட்டால் ஆகிற காரியம். கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் பள்ளிக்கூட மாடியோ ஊராட்சிக் கட்டடமோ அதே வேலைக்கு ஆகும். அடுத்த மழை ஐப்பசியில் தொடங்கும்; அதற்குள் ஜமாக்களின் பெயர்ப் பட்டியலையும் பூட்டிய அறைகளின் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க மாவட்ட நிர்வாகத்துக்கு அவகாசம் இருக்கிறது.